இரண்டாயிரத்து நானூறு

எலோய் சல்மோன் தெருவில் மழை நின்றிருந்தது, பத்து நிமிடத்துக்கு.
யோவானா திகோனாவின் கடை
ஒரு மேசை, ஒரு விளக்கு, ஓர் ஆள் அகலம்.
லேப்டாப்பை வாங்கிக் கவிழ்த்துப் போட்டாள்,
மீன் கழுவப் போகிறவளைப் போல.

"ராம் கூட்டணும்."
"இருக்கிறது என்ன வேகம்?"
தெரியாது.
ஏழு வருடம் மடியில் சூடு வாங்கியிருக்கிறேன்,
வேகம் தெரியாது.

எல் ஆல்த்தோவில் ஒரு குட்டி வானொலிக்கு
ஒலி வெட்டி ஒட்டுகிறவன் நான்.
விடிகாலைச் செய்தியில் பஸீலியா
"இன்று கடும் உறைபனி" என்று ஐமாராவில் முடிக்குமுன்
திரை உறைந்துவிடும்.
லா பாஸில் பனி முதலில் விழுவது
ஃபாபியானின் லேப்டாப்பில்தான் என்று
நிலையம் முழுக்கச் சிரிப்பு.

போன வாரம் நானே ஒன்று வாங்கினேன்,
விலையை மட்டும் பார்த்து.
பள்ளம் ஓரிடம், மேடு ஓரிடம்.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
நல்ல வேளை, என்னைவிடப் பிடிவாதமான போர்டு.
அந்தச் சில்லை நீட்டியதும்
"போன தலைமுறை" என்றாள் யோவானா.
பிறகு என் கட்டைவிரலைப் பார்த்தாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

பதினோரு திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் பத்து.
மூடி பிரிந்தது.
பழைய நினைவகம் பலகையோடு பற்றவைத்தது,
கழற்ற வழியில்லை:
நாலு ஜிபி, இரண்டாயிரத்து நானூறு.
பக்கத்தில் காலியாய் ஒரே ஓர் இடம்,
ஏழு வருடத் தூசியோடு.

"அதே வேகத்தில் என்னிடம் இல்லை.
தேடினால் பழசு கிடைக்கும், புதுசைவிட விலை கூட.
மூவாயிரத்து இருநூறு இருக்கு. போடலாம். ஓடும்.
ஆனால் நானூறோடு சேர்ந்து நானூறாகத்தான் ஓடும்."

"காசு மட்டும் மூவாயிரத்து இருநூறுக்கா?"

"வேகமாக ஓடுகிறதுக்கு மெதுவாகவும் ஓடத் தெரியும்.
மெதுவாக ஓடுகிறதுக்கு அது ஒன்றுதான் தெரியும்.
யாரைக் கோபிக்கப் போகிறீர்கள்?"

சொன்னதும் மனம் உவமைக்குத் தாவியது.
சமவெளியிலிருந்து வந்த முதல் மாதம்,
மூச்சு முட்டி நான் படியேற,
ஹிலாரியா என் அளவுக்கே அடிவைத்து ஏறிய மாலை.
காதல் என்றே கணக்கு வைத்திருந்தேன்.
பின்னாளில் கேட்டால்
புதுச் செருப்பு கடித்ததாம்.
ஆகவே உவமை வேண்டாம்.
ராம் ராமாகவே இருக்கட்டும்.

வோல்ட்டைப் படித்தாள்: ஒன்று புள்ளி இரண்டு, பொருந்தும்.
சாய்த்துச் செருகினாள், அழுத்தினாள்,
இருபுறமும் கொக்கி 'டிக்'.
பொத்தான்.
விசிறி சுற்றியது.
திரை கறுப்பு.

கறுப்பு.

பஸீலியாவின் இருநூறு காலைகள் அதற்குள் கிடக்கின்றன.
நகல் எடுக்கவில்லை. எடுக்கலாம் என்றிருந்தேன்.
"கெடுத்துவிட்டீர்களா?"
யோவானா சால்தேனியாவைக் கடித்து
சாறு சிந்தாமல் உறிஞ்சினாள்.
"முதல் தடவை இப்படித்தான்.
இரண்டும் ஒன்றையொன்று அளந்து பார்க்கும். 
அவசரப்பட்டு அணைத்தால் மறுபடி முதலிலிருந்து."
கைகளைக் கால்சட்டைப் பைக்குள் கட்டிப்போட்டேன்.
தெருவில் மழை மறுபடி தொடங்கியது.

பிறகு வெளிச்சம்.
பன்னிரண்டு ஜிபி. இரண்டாயிரத்து நானூறு.
வாங்கிய எண் எங்கேயும் தெரியவில்லை.
உறைபனிச் செய்தியைத் திறந்தேன்:
பஸீலியா மூச்சிழுத்து, இருமி,
மன்னிப்புக் கேட்டு, முடித்தே விட்டாள்.
இருமலை வெட்டினேன், அங்கேயே நின்றபடி.
வெட்டு விழுந்த கணம் தெரியவில்லை.

மூடும்போது டப்பாவைத் துழாவி
பதினோராவது திருகாணி எடுத்தாள்.
மற்றவை கறுப்பு, இது வெள்ளி.
"நிறம் வேறயே."
"நீளம் சரி" என்றாள்.
"நீளம் கூடினால் போர்டில் குத்தும்.
நிறத்தை யார் பார்க்கிறார்கள், அடிப்பக்கம்."
அதற்குக் காசு வாங்கவில்லை.